எந்த ஊர்ச் சட்டை?

தாம்பரம் பக்கம் மகளைக் கபடிப் பயிற்சிக்குக் கூட்டிவரும் அம்மாக்கள், மைதானத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்தால் ஒருவராவது கேட்டுவிடுவார்: "இதுல நல்லா வந்தா ரயில்வேல எடுத்துக்குவாங்களா சார்?" நியாயமான கேள்வி. 1931லேயே கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து சேர்ந்த ஊர் இது. ரயில்வே சம்பளத்தில் உலை கொதிக்கும் வீடுகள் இங்கே ஏராளம்.

அந்த வேலை கிடைக்கும் நாளில் இன்னொன்றும் நடக்கிறது. தேசிய சாம்பியன்ஷிப்பில் அந்தப் பெண் தமிழ்நாட்டுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரயில்வே சட்டையை மாட்டிக்கொள்கிறார். எதிரே தமிழ்நாடு நின்றால், கூடவே பாடிப் பழகிய பெண்களை எதிர்த்துப் பாடிப் போக வேண்டியதுதான்.

இதே சிக்கலில் மாட்டித் தவித்த ஒரு விளையாட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பெயர் ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், உதைக்கலாம். கையால் முன்னோக்கி வீச மட்டும் கூடாது. ஆறு முறை மடக்கப்படுவதற்குள் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிக்க வேண்டும். அதற்கு ட்ரை என்று பெயர், 4 புள்ளி. அதையடுத்து உதைக்கும் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 2.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரண்டு மாநிலங்களுக்கும் இதில் தீராத போட்டி. ஆனால் பணக்கார கிளப்புகள் சிட்னியில் இருந்தன. குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போனார்கள். எங்கே ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்ற விதியால், சொந்த மாநிலத்துக்கு எதிராகவே களமிறங்கினார்கள். குயின்ஸ்லாந்து ஆண்டுதோறும் தோற்றது. 1980 ஜூலை 8 அன்று, பிரிஸ்பேனின் லேங் பார்க்கில் நடந்த ஆட்டத்துக்கு மட்டும் விதியை மாற்றிப் பார்த்தார்கள்: எங்கே வளர்ந்தாயோ அங்கே ஆடு. ரோமா என்ற சிற்றூரில் பிறந்து, நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடிவந்த ஆர்தர் பீட்சன் 35 வயதில் முதன்முறையாகக் குயின்ஸ்லாந்தின் அரக்குச் சட்டையை அணிந்து அணிக்குத் தலைமை தாங்கினார். தன் கிளப் தோழர் மிக் குரோனின் எதிரே வந்தபோதும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. குயின்ஸ்லாந்து 20-10 என வென்றது. ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் என்ற தொடர் பிறந்தது அன்றுதான்.

பெண்கள் இந்த ஆட்டத்துக்குப் புதியவர்கள் இல்லை. 1921 செப்டம்பரிலேயே சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் மோதியதை 20,000 பேருக்கு மேல் திரண்டு வந்து பார்த்தார்கள். மேகி மொலோனி என்ற பெண் நான்கு ட்ரை அடித்தார். அந்தக் கூட்டம் மறுபடி கூட ஒரு நூற்றாண்டு பிடித்தது. பெண்களின் மாநில மோதல் 1999ல் தொடங்கியது. குயின்ஸ்லாந்தை நியூ சவுத் வேல்ஸ் முதன்முறை வென்றது 2016ல்தான். 2018ல் ஆண்கள் தொடரின் பெயரே பெண்களுக்கும் வந்தது. அந்த ஆண்டு ஆட்டத்தைச் சிட்னியில் பார்த்தவர்கள் 6,824 பேர். ஆண்டுக்கு ஒன்றாக இருந்த ஆட்டம் 2023ல் இரண்டாகி, 2024ல் மூன்றானது. அந்த ஆண்டு ஜூனில் நியூகாசிலில் நடந்த இரண்டாம் ஆட்டத்துக்கு 25,492 பேர் வந்தார்கள். 10-10 என்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது, முடியும் தறுவாயில் லாரன் பிரவுன் ஓடுகிற ஓட்டத்தில் பந்தைத் தரையில் தட்டிக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். அதற்கு ஒரே ஒரு புள்ளி. 11-10, குயின்ஸ்லாந்து.

காணொளியில் பார்க்கும் கபடிக்காரருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கவனித்துப் பாருங்கள்: ஓடிவரும் பெண்ணின் தொடையை ஒருத்தி கட்டுகிறாள், இன்னொருத்தி தோளால் மோதுகிறாள், மூன்றாமவள் மேலே விழுகிறாள். மூவரையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கி நீளும் ஒரு கை. நம் மைதானத்தில் அந்தக் கை நடுக்கோட்டை நோக்கி நீளும். விரல் நுனி பட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லோரும் அவுட். படாவிட்டால் பாடிவந்தவள் அவுட். பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதற்குள் ஏழு பேர் கைகோத்து நிற்க, 30 நொடிக்குள் தொட்டுத் திரும்ப வேண்டும்.

நம் பெண்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் ஈரானை 75-21 என்று வென்றார்கள். அணியின் துணைத் தலைவர் கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை 2000 முதல் கொண்டுவந்து குடியேற்றிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்கியவர்கள் உண்டு. இன்று அந்த ஊர்ப்பெயர் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் பெருமையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஊர்ப்பெயருக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் தேசிய மகளிர் கபடியில் பல பத்தாண்டுகளாகக் கோப்பை பெரும்பாலும் ரயில்வேக்கே போகிறது. மாநிலங்கள் வளர்த்துவிட்ட பெண்களைக் கொண்டே மாநிலங்களைத் தோற்கடிக்கும் அணி அது. 2018 தொடக்கத்தில் ஹைதராபாதில் ஹிமாசலப் பிரதேசம் அந்த அணியை இறுதியாட்டத்தில் வீழ்த்தியது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. ரயில்வேயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விளையாடுகிற பெண்ணுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தந்து, "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு ஆட்டம்" என்ற வாயை அடைத்தது அந்த வேலைதான்.

தேசிய விளையாட்டுப் போட்டிகள் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் பதக்கப் பட்டியலில் ரயில்வே கிடையாது, மாநிலங்களும் முப்படைகளின் சர்வீசஸ் அணியும்தான். ஊர்ச் சட்டைக்குத் திரும்ப அங்கே ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் 2015ல் கேரளத்தில் நடந்தபின் அது மறுபடி நடந்தது 2022ல், குஜராத்தில். ஏழு ஆண்டுகள். கபடியில் ஒரு பெண்ணின் முழங்கால் நன்றாக இருக்கும் காலமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதனால்தான் ஆஸ்திரேலியாக்காரர்களின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் யாரையும் கிளப்பை விட்டு வரச் சொல்லவில்லை, சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஆண்டில் சில இரவுகள் மட்டும், 13 வயதுக்குள் எந்த மாநிலத்தில் வளர்ந்தாய் என்று கேட்கிறார்கள். நம் ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும் ஒரு வாரம் விடுப்பு கொடுத்தால் போதும். தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு பக்கம், ஹரியாணாப் பெண்கள் மறுபக்கம். இடத்துக்கும் அலைய வேண்டாம். வண்டலூரைத் தாண்டி மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. சட்டையின் முதுகில், எண்ணுக்கு மேலே ஆடுபவரின் பெயரையும் அதன் கீழே ஊரையும் அச்சிடலாம்: கண்ணகி நகர், முடிச்சூர், சேலையூர், ஊரப்பாக்கம்.