முடியப்பர் – பெயர் விளக்கம்

முடியப்பர் என்பது, கிறித்தவ சமயத்தின் முதல் இரத்தசாட்சியான புனித ஸ்தேவானுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். ஆங்கிலத்தில் ஸ்டீபன் எனப்படுபவர் இவரே. இவரது திருநாள் டிசம்பர் 26.

பெயர்க்காரணம்

கிரேக்க மொழியில் 'ஸ்தெபனோஸ்' என்றால் மாலை, முடி என்று பொருள். விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர் தலையில் சூட்டப்பட்ட இலைமாலையையும் இச்சொல் குறித்தது. ஒலியைத் தழுவிய வடிவம் ஸ்தேவான். பொருளைத் தழுவிய வடிவம் முடியப்பர். 'முடிசூட்டு விழா' என்பதில் போல, இங்கு முடி என்பது மகுடம். அப்பர் என்பது மதிப்புச் சொல்.

ஒத்த பெயர்கள்

- பவுல்: இலத்தீனில் 'சிறியவர்', தமிழில் சின்னப்பர்.
- யோவான்: எபிரேயத்தில் 'கடவுள் அருள்கூர்ந்தார்', தமிழில் அருளப்பர்.

பொருளைப் பெயர்க்கும் இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாறை எனப் பொருள்படும் 'கேபா' என்ற அரமேயப் பெயரே கிரேக்கத்தில் 'பெத்ரோஸ்' ஆகி, தமிழில் பேதுரு என வழங்குகிறது.

ஒலியளவில் வந்த கிரேக்கப் பெயர்களும் உண்டு:

- பிலிப்பு: குதிரைகளை விரும்புபவர்
- அந்திரேயா: ஆண்மை உடையவர்
- ஜார்ஜ்: உழவர்
- சோபியா: ஞானம்

இன்றைய வழக்கு

1995-இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, ஸ்தேவான், பவுல், யோவான் என்னும் வடிவங்களையே கையாள்கிறது. பழைய பெயர்கள் முடியப்பன், சின்னப்பன், அருளப்பன் என ஆட்பெயர்களாக வாழ்கின்றன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்பது தமிழ் மரபு. பாட்டனார் முடியப்பன், பேரன் ஸ்டீபன் எனில், அம்மரபு அக்குடும்பத்தில் மாறவில்லை, மொழிதான் மாறியிருக்கிறது.