மேற்குச் சுவரும் பயற்றங்கொடியும்

மார்ச் மாதக் கடைசி நாள்களில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைப் பேராக்கில் உள்ள நம் சுங்காய்ப் பள்ளித் திடலில் நேராக நட்டு வையுங்கள். மதியம் 1.15-க்கும் 1.20-க்கும் இடையில் போய்ப் பார்த்தால் நிழலே இருக்காது. சூரியன் அப்போது தலைக்கு நேர்மேலே நிற்கிறது. நண்பகல் 12 மணிக்குத்தானே வரும் என்று கேட்பீர்கள். மலேசியாவின் கடிகாரங்கள் 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. சுங்காய் இருப்பது 101 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால், நம் ஊருக்குச் சூரியன் உச்சிக்கு வர ஏன் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகிறது என்று தெரிந்துவிடும்.

சுங்காய் பூமத்திய ரேகைக்கு வடக்கே 4 பாகையில்தான் இருக்கிறது. அதனால் செப்டம்பர் நடுவிலும் நிழல் இதேபோல மறையும். ஜூன் கடைசியில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். டிசம்பர் கடைசியில் வடக்குப் பக்கம் சுமார் 52 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதும் அவ்வளவுதான்.

இதே குச்சியை ஆஸ்திரியா நாட்டின் மலைப்பகுதியில் டிசம்பர் கடைசியில் நட்டால், நண்பகலிலேயே நிழல் 2.8 மீட்டர் நீளும்! சூரியன் அங்கே உச்சிக்கு ஏறுவதே இல்லை. தெற்கு வானில் தாழ்வாக வந்து, சீக்கிரம் மறைந்துவிடும். வெளியே பனி. அப்படிப்பட்ட ஊரில் வீட்டையும் தோட்டத்தையும் எப்படி அமைப்பது?

அங்கே கிராமெட்டர்ஹோஃப் என்று ஒரு பண்ணை இருக்கிறது. 1962-ல் செப் ஹோல்சர் என்ற இளைஞர் பெற்றோரிடமிருந்து அதைப் பொறுப்பேற்றார். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே உள்ள மலைச்சரிவு அது. ஹோல்சர் சரிவின் குறுக்கே படிமேடைகள் வெட்டினார், குளங்கள் தோண்டினார், வெயில் படும் இடங்களில் பெரிய கற்களை விட்டுவைத்தார். கல் பகலில் சூடேறி, இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். குளத்து நீர் தாழ்ந்த வெயிலைச் சரிவின் மேல் திருப்பிவிடும். இந்த வெதுவெதுப்பை நம்பி, எலுமிச்சையைக்கூட அந்தக் குளிரில் வளர்த்தார். வெயிலைக் கணக்கிட்டுக் கட்டிய குளிர்நாட்டு வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். தெற்கே பெரிய சன்னல், உள்ளே கல்தரை, தடித்த சுவர். தாழ்ந்த குளிர்கால வெயில் சன்னல் வழியே அறையின் கடைசிவரை நீளும். கோடையில் சூரியன் உயரே ஏறிவிடுவதால், கூரையின் விளிம்பே அதை மறைத்துவிடும்.

வீடு, தோட்டம், தண்ணீர், கோழி, மரம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று உதவும்படி சேர்த்துத் திட்டமிடும் இந்த முறைக்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இதை உருவாக்கி, 1978-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். தாஸ்மானியாவும் குளிரான தீவு. ஆனால் தென்கோளத்தில் இருப்பதால் அங்கே சன்னல் வடக்கே பார்க்க வேண்டும். ஒருவர் வீட்டு வரைபடத்தை இன்னொரு நாட்டுக்காரர் அப்படியே வரைந்துகொள்ள முடியாது. வெயில் எந்தப் பக்கம் வருகிறது, தண்ணீர் எந்த வழி போகிறது என்று முதலில் அவரவர் ஊரில் நின்று பார்க்க வேண்டும்.

சரி, சுங்காயில் நின்று பார்ப்போம். நண்பகல் வெயில் கூரை மேல்தான் விழுகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்னத் தாழ்வாரமே போதும். காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் சாய்வாக வரும் வெயிலைத்தான் எந்தத் தாழ்வாரமும் தடுக்காது. இரண்டில் மேற்கு மோசமானது. ஏனென்றால் அதற்குள் காற்றும் சூடாகியிருக்கும்.

தாமான் வீடுகளில் குடியிருக்கும் பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுடும். செங்கல்லும் சிமெண்டும் ஹோல்சரின் கற்கள் செய்த அதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே அது வரம், இங்கே தொல்லை. நம் ஊரில் பகல் 33 பாகை என்றால் இரவு 23 அல்லது 24. சுவரின் சூட்டை விடியும்முன் முழுவதும் இறக்கிவிடும் அளவுக்கு இரவு குளிர்வதில்லை. பழைய கம்பத்து வீடுகள் கால்கள்மேல் நின்றது வெள்ளத்துக்காக மட்டும் இல்லை. மெல்லிய பலகைச் சுவர் சூட்டைச் சேர்த்து வைக்காது, தரைக்கு அடியிலும் காற்று ஓடும். கட்டியவர்கள் வெயிலை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

   

செங்கல் வீட்டை இடிக்க முடியாது. வெயில் சுவரைத் தொடாமல் செய்யலாம். மேற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பும் கயிறும் கட்டி, பயற்றங்கொடியோ பாகற்கொடியோ ஏற்றிவிடுங்கள். அந்த ஒரு முழ இடைவெளி முக்கியம். அதில்தான் காற்று ஓடும், சுவரும் ஈரமாகாது. இலை நிழல் மட்டும் தருவதில்லை, நீரையும் ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு, குழாய்த் தண்ணீர் ஏழு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அவ்வளவு சூடும் உங்கள் அறைக்குள் வராமல் வெளியே போகிறது!

அடுத்தது மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3,000 லிட்டர். மாலை இடிமழை ஒன்றே இதைத் தந்துவிடும். பீப்பாயில் பிடிப்பதானால் கொசு நுழையாமல் வலை கட்டுங்கள், டெங்கிக்கு இடம் தரக்கூடாது. மீதி நீரை வாழைக்குத் திருப்பலாம். தோட்டப்புற லயத்து வீடுகளில் குளிக்கும் இடத்து நீர் பாயும் பக்கமாக வாழை வைத்தார்களே, அதே ஏற்பாடு. கறிவேப்பிலையும் மிளகாயும் அடுப்படிக் கதவருகே, முருங்கை வேலியோரம். தினம் கை போகும் செடி பக்கத்தில், எப்போதாவது பறிப்பது தூரத்தில். மாலிசன் எழுதிய பாடங்களில் ஒன்றை நம் பாட்டிமார்கள் அவரைப் படிக்காமலே செய்துவந்தார்கள்.

மழைத்துளி மென்மையானது என்று நினைக்காதீர்கள். 5 மில்லிமீட்டர் குண்டுத்துளி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து வெறும் மண்ணைச் சிதறடிக்கும். மரம் இருந்தால் போதுமே என்றால், போதாது. உயரத்தில் உள்ள இலைகளில் சிறுதுளிகள் ஒன்றுசேர்ந்து பெருந்துளியாகச் சொட்டும். எட்டுப் பத்து மீட்டர் விழுந்தாலே ஏறக்குறைய பழைய வேகம் திரும்பிவிடும். ஆகவே மண்ணை ஒட்டி ஒரு போர்வை வேண்டும்.

இதைப் பேராக்கின் பால்மரக் காடுகள் பட்டுத்தான் கற்றன. 1877-ல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள் பெருகின. தொடக்க காலத் துரைமார்களுக்கு மரங்களுக்கு இடையில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. நம் முன்னோர்கள், அதிலும் பெண்கள், கூலிக்காக நாள் முழுதும் குனிந்து அந்தப் புல்லைப் பிடுங்கினார்கள். வெறுமையாகிவிட்ட சரிவிலிருந்து மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றுக்குப் போனது. அவ்வளவு உழைப்பும் மண்ணைக் கெடுக்கவே செலவானது என்பதை நினைக்கையில் மனம் வலிக்கிறது. பிறகுதான் பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடும் பழக்கம் பரவியது. இன்று இளம் செம்பனைத் தோட்டங்களில் தரையெல்லாம் பச்சையாகப் படர்ந்திருப்பவை அந்தக் கொடிகளே.

மண் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவாகப் போக வேண்டாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுங்கள். 1,000 மீட்டர் உயர்ந்தால் 6 பாகைக்கு மேல் குளிரும். அதனால்தான் தானா ராத்தாவில் குளிர்நாட்டு முட்டைக்கோசு விளைகிறது. ஆனால் பெய்வது வெப்பநாட்டு மழை. சரிவுகளிலிருந்து கரைந்த மண், ரிங்லெட்டில் 1963-ல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் போய்த் தங்கி அதைத் தூர்த்துவிட்டது. அள்ள அள்ள வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குளிர்நாட்டில் உதிர்ந்த இலை மெதுவாக மக்குவதால் கறுப்பு மண் ஆண்டுக்கணக்கில் சேரும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் இலையைச் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடும். அதனால் இங்கே இலைச்சருகைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எரிக்கவே கூடாது. சுவரை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், கறையானும் பாம்பும் வந்து சேரும்.

உங்கள் பயற்றங்கொடி காய்க்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு செடியை மட்டும் மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசுங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியா அதற்குள் குடியிருக்கிறது. நகத்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் கொடியை வேரோடு பிடுங்காமல், தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள். உருண்டைகள் மண்ணிலேயே மக்கட்டும். அதே இடத்தில் அடுத்துக் கீரை விதைக்கலாம்.