நோயாளியைத் தொடும் மின்சாரம்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் டிரஸ்ஸர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பையும் ஊசியையும் கொண்டு வைத்தியம் பார்த்துவந்த காலத்தில், நோயாளிக்கும் மின்சாரத்துக்கும் தலைக்குமேல் எரிந்த விளக்கைத் தவிர வேறு சம்பந்தம் இருந்ததில்லை. இன்றோ அம்மாநிலத்துச் செங் என்னும் ஊரிலிருந்து ஒருவரை நெஞ்சுவலியென்று மலாக்கா பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், மார்பில் ஈ.சி.ஜி. கம்பிகளும், கையில் மருந்தேற்றும் குழாயும், சில சமயங்களில் இரத்தக்குழாய் வழியே இருதயத்துக்குள்ளேயே சென்று நிற்கும் மெல்லிய கம்பியும் பொருத்தப்படுகின்றன. இவற்றின் மறுமுனையில் இருப்பவையோ 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் யந்திரங்கள்.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்த யந்திரமாயினும் அதில் சிறிதளவு மின்சாரம் கசிந்தே தீரும். ஆகவே, கசிவு எவ்வளவு என்பதே கேள்வி. ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தால்தான் ஆரோக்கியமான மனிதனின் விரலுக்கு அது தெரியவருகிறது. ஆனால் தோலென்னும் கவசத்தைக் கடந்து இருதயத்தை நேரே தொடும் கம்பியின் வழியாகச் சென்றால், அதில் பத்தில் ஒரு பங்கே துடிப்பைத் தாறுமாறாக்கிப் பிராணனைப் போக்கப் போதுமானதாகிவிடலாம். பக்கத்தில் அதே யந்திரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தாதிக்கு எதுவுமே தெரியாது. இதன் காரணமாகவே, இருதயத்தைத் தொடத் தகுந்தவையென்று சி.எஃப். குறியிட்ட சாதனங்களிலிருந்து நோயாளிக்குச் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியருக்கும், ஏதேனும் ஒரு பழுது நேர்ந்தபோதும் 50க்கும் மேல் கசியலாகாது என்று ஐ.இ.சி. 60601 என்னும் சர்வதேச நியமம் விதிக்கிறது. நம் குளியலறை ஹீட்டருக்கென்று பொருத்தப்படும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யும் அந்த முதல் அளவைப்போல் ஆயிரம் மடங்கைக் கணக்காக வைத்துச் செய்யப்பட்டது என்பதை நினைத்தால், வீட்டுப் பாதுகாப்பு வேறு, ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு வேறு என்பது விளங்கும்.

1971ஆம் ஆண்டில் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய அமெரிக்கர் ரால்ஃப் நாடர், அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வருஷத்துக்கு 1,200 பேராவது இவ்விதம் மின்சாரம் பாய்ந்து இறக்கிறார்கள் என்று ஒரு மகளிர் பத்திரிகையில் எழுதினார். அந்த எண்ணிக்கையைப் பலரும் மறுத்தனர். ஆயினும் முறையான பரிசோதனை பரவுவதற்கு அது எழுப்பிய பதற்றம் பெரிதும் உதவியது.

பரிசோதனை நடப்பதை அருகிலிருந்து பார்க்கவேண்டும். நோயாளியின் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒன்றை மேஜைமேல் வைத்த டெக்னீஷியன், அளக்கும் கருவியைத் தொடுமுன் வயரைத்தான் முழு நீளத்துக்கும் விரல்களால் உருவிப் பார்க்கிறார்: கட்டில் சக்கரம் ஏறி நசுங்கிய இடம், பிளக்கை ஒட்டி வளைந்து வளைந்து வெடித்த இடம், சலைன் வழிந்து வெள்ளையாய்ப் பூத்த ஓரம். பெரும்பாலான பழுதுகள் இப்படிக் கண்ணுக்கே அகப்பட்டுவிடுகின்றன. பிறகு பிளக்கைச் சோதனைக் கருவியில் செருகி, உலோகப் பாகத்தில் ஒரு கவ்வியை மாட்டி எர்த் வயரின் தடையை அளக்கிறார். 2007இல் வெளிவந்த ஐ.இ.சி. 62353 நியமப்படி, கழற்றக்கூடிய வயரோடு சேர்த்து அது 0.3 ஓமுக்கு மிகலாகாது. அதன்பின் காப்புத் தடையும் கசிவும் அளக்கப்பட்டு, தேறிய யந்திரத்தில் தேதியிட்ட ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது.

மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டமும், பராமரிப்புக்கென வகுத்த எம்.எஸ். 2058 நியமமும் இவ்விஷயத்தில் வழிகாட்டுகின்றன.

என் கவலையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பின் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே. வயோதிகத் தாய்தந்தையருக்காகத் தாமான் வீடுகளுக்கு வந்துசேரும் பிராணவாயு யந்திரத்தையும் மின்கட்டிலையும் தேடிவந்து அளப்பவர் யார்? வேறு தேசத்துப் பிளக்குடன் வந்ததென்று அதை வெட்டியெறிந்து, பச்சையும் மஞ்சளுமான எர்த் வயரை வீணென்று மடக்கிவிட்டு, மற்ற இரண்டை மட்டும் முறுக்கி இணைக்கும் பழக்கம் மிகவும் அபாயகரமானது. ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரங்கள் பொறித்த சாதனம் இரட்டைக் காப்புடையது. பாதுகாப்புக்காக அது எர்த்தை நம்பியிருப்பதில்லை. அக்குறி இல்லாமல் மூன்று வயரோடு வந்த சாதனத்துக்கோ அந்த எர்த்தே பிராண ரக்ஷை. வாடகைக்கு எடுப்போர் கடைக்காரரிடம், இது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, ஸ்டிக்கர் எங்கே என்று கூச்சமின்றிக் கேட்கவேண்டும்; சரியான பதில் வராவிட்டால் வேறு கடைக்குப் போகவேண்டும்.