ஃபேனை நிறுத்துங்க, கவர் பிரிக்கப் போறோம்!

நூலகத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் 'அலுவலர்கள் மட்டும்' என்று எழுதிய அந்தப் பச்சைக் கதவைத் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை! ஒரு மாவட்ட மைய நூலகத்தில், அடுத்த ஆண்டுக்கான பத்திரிகைகளை எந்த ஏஜெண்டிடம் வாங்குவது என்று முடிவுசெய்யும் நாள். ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. வாங்க, சத்தம் போடாமல் நீங்களும் என் பின்னாலேயே வாங்க.

உள்ளே கால் வைக்க இடமில்லை. சணல் கயிற்றில் கட்டிய பழைய வார இதழ்கள் ஜன்னல் உயரத்துக்கு நிற்கின்றன. மேஜையில் காய்ந்துபோன பசைக் கிண்ணம், ஊதா மை ஊறிய ஸ்டாம்ப் பேடு, நடுவில் யாரோ பாதி சாப்பிட்ட முறுக்கு. அன்றைக்கு வந்த இதழ்களில் ஓர் அக்கா முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். டக், டக், டக்! தாளம் தப்பவே இல்லை. "கண்ணை மூடிக்கிட்டே குத்துவேன் சார்" என்று சிரிக்கிறார். விரல் நுனியெல்லாம் ஊதா.

எனக்குப் பிடித்துப்போனது மூலையில் இருந்த மரப்பெட்டி. சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பத்திரிகைகளுக்கென்றே மூன்று அட்டை முறை ஒன்றை வகுத்தார். அதில் ஒருவகை அட்டைகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. பத்திரிகைக்கு ஓர் அட்டை. இந்த வாரம் வரவேண்டிய இதழ் வந்துவிட்டால், குறித்துக்கொண்டு, அடுத்த இதழ் வரவேண்டிய வாரத்துக்கு அட்டையை நகர்த்திவிடுவார்கள். வராவிட்டால் அட்டை அங்கேயே நிற்கும். நூலகர் அம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். போன மாதப் பகுதியில் ஏழு அட்டைகள் நகராமல் நின்றன. "இந்த ஏழு பேருக்காகத்தான் இன்னிக்கு இவ்வளவு பாடு" என்றார்.

அந்த ஏழில் ஒன்று ஒரு சிற்றிதழ். அதற்காக ஒரு தாத்தா தினமும் வருகிறாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவிடுக்கில் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. "வந்துருச்சாம்மா?" "இன்னும் வரலைங்கய்யா." தலை மறைந்தது.

பதினொரு மணிக்கு ஏஜெண்டுகள் வந்துசேர்ந்தார்கள். மொத்தம் நாலு பேர். நாலு பேருமே விடியற்காலையில் பேப்பர் கட்டுப் பிரித்துவிட்டு வந்தவர்கள். சட்டைப் பையில் பேனாவும் பில் புத்தகமும் பிதுங்குகின்றன. ஒருவருக்கொருவர் போட்டி, ஆனால் இரண்டு பேர் வந்தது ஒரே பைக்கில்! "பெட்ரோல்ல போட்டி கிடையாது மேடம்" என்றார் பின்னால் உட்கார்ந்து வந்தவர். அறையே சிரித்தது. டீ வந்தது.

"ஃபேனை நிறுத்துங்க, கவர் பிரிக்கப் போறோம்!"

விலைப்புள்ளித் தாள் பறந்துவிடக் கூடாதே! விசிறி நின்ற இரண்டாவது நிமிடமே எல்லோர் கழுத்திலும் வியர்வை. அரக்கு முத்திரையையும் அதன் கீழே அப்பியிருந்த பசையையும் ஸ்கேலால் நெம்பி, கவர்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சுருக்கொப்பம். எழுத்தர் தம்பி நெற்றி வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே ஒப்பீட்டுப் பட்டியல் எழுதிய அழகைப் பார்க்க வேண்டுமே!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பத்திரிகையின் விலை அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. யாரிடம் வாங்கினாலும் அதே விகடன், அதே துக்ளக், அதே கலைமகள். வித்தியாசம் கொஞ்சம் கழிவில்தான். அப்படியானால் நூலகம் எதைத்தான் தேர்ந்தெடுக்கிறது? வராத இதழைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும் ஆளை!

அதனால்தான் நூலகர் அம்மா கேள்விகளை அடுக்கினார். "தீபாவளி மலர் சந்தாவுல சேருமா, தனி பில்லா?" நாலு பேரும் ஒரே குரலில், "தனி பில்தான் மேடம்!" அடுத்தது: "நடுவுல ஒரு பத்திரிகை நின்னுபோனா மீதிப் பணம்?" சும்மா கேட்கவில்லை. 1941-இல் தொடங்கிய கல்கியே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டதே! கடைசிக் கேள்வி: "அதிகம் விக்கிற வார இதழை எல்லாரும் கொண்டாருவீங்க. காலச்சுவடு, கணையாழி, பசங்களுக்குத் துளிர், இதெல்லாம் தேதி தவறாம வருமா?" அறை ஒரு கணம் அமைதியானது. நாலாவது ஏஜெண்ட் அண்ணாச்சி மட்டும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விக்காததுல நமக்குக் காசு நிக்காது மேடம். ஆனா கொண்டாந்துருவேன்."

பட்டியல் முடிந்தது. அதிகக் கழிவு தருவதாக எழுதியிருந்தவர் முதல் ஏஜெண்ட். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் தாளைத் திருப்பினார். நிபந்தனைப் பக்கம்: வராத இதழுக்கு 15 நாளில் மாற்றுப் பிரதி, நின்றுபோன பத்திரிகைக்கு மீதித் தொகை திரும்ப. கீழே கையெழுத்து இடும் கோடு வெறுமையாக இருந்தது.

"மறந்துட்டேன் மேடம், இப்பப் போட்டுடறேன்" என்று அவர் பேனாவை எடுத்தார். "கவர் பிரிச்ச பிறகு முடியாதுங்க." குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஜனங்க சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக் கட்டறாங்க. அந்தக் காசுங்க இது." 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மண்ணில், அந்தப் பத்துப் பைசாவை இப்படிப் பொத்திக் காப்பாற்ற ஒருவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனசு நிறைந்துபோனது.

அடுத்த இடத்தில் இருந்தவர் அண்ணாச்சி. நிபந்தனைப் பக்கத்தில் அவர் கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. ஃபேன் மறுபடி சுழன்றது. அப்பாடா! தோற்றவர் ஜெயித்தவரின் முதுகில் தட்டினார். அந்த முறுக்கை யாரோ முடித்தார்கள்.

அண்ணாச்சி கிளம்பவில்லை. நேராக மரப்பெட்டியிடம் போனார். "பழைய பாக்கிய என்கிட்ட குடுங்க, தேடிப் பாக்கறேன்" என்று நகராத ஏழு அட்டைகளையும் பார்த்து, பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். முதலில் எழுதியது அந்தச் சிற்றிதழின் பெயர்!

வெளியே வந்தேன். தாத்தா படிப்பறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்: "ஐயா, தேடித் தர ஆள் கிடைச்சாச்சு. அடுத்த வாரம் கேட்டுப் பாருங்க."

"எதுக்கு அடுத்த வாரம்?" என்றார் தாத்தா. "நாளைக்கே வந்து கேக்கறேன்."