ஒரு காது திடீர்னு கேட்கலையா? நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தலை சுத்தினா "வெயில் கிறக்கம்", "பித்தம்" என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். கூடவே ஒரு காதும் திடீரெனக் கேட்காமல் போனால், அதை அப்படி விடக்கூடாதுங்க.

காது அழுக்கு அடைத்திருக்கலாம். உள்காது நரம்பு பாதித்திருக்கலாம். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் காதுக்குள் பார்த்து, இசைக்கவையைத் தட்டி வைத்து, ஆடியோகிராம் எடுத்துப் பிரித்தறிவார். நரம்புப் பாதிப்பில் பலருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. அதற்காகச் சிகிச்சை காத்திருக்காது. ஸ்டீராய்டு மருந்தை 2 வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யணும்?

• காதில் எண்ணெய் ஊற்றாதீங்க.
• அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்க. எந்தக் காது, எப்போது ஆரம்பித்தது என்று சொல்லுங்க.
• காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் தள்ளிப் போடாதீங்க.
• வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, நிற்கவே முடியாத தள்ளாட்டம் இருந்தால் உடனே 108.
• மருத்துவ ஆலோசனைக்கு 104.