பிரமச்சாரித் துப்பறிவாளரும் குடும்பஸ்த நடிகரும்

(நமது பாலிகஞ்ச் நிருபர்)

லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நம் தமிழ் அன்பர்களில் எத்தனை பேர் ரஜனி சென் தெருவைக் கவனித்திருப்பார்கள்? பாலிகஞ்ச் வட்டாரத்தின் சாதாரணத் தெருக்களில் அதுவும் ஒன்று. ஆனால் வங்காளிப் பையன் ஒருவனைக் கேட்டால் கதவு எண்ணோடு சொல்லிவிடுவான்: 21, ரஜனி சென் தெரு. ஃபெலுதா குடியிருக்கும் வீடு!

குடியிருப்பது கதையில்தான். சத்யஜித் ராய் 1965-ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய துப்பறியும் கதைகளின் நாயகர் இந்த ஃபெலுதா. சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு, சித்தப்பா மகன் தோப்ஷேயையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் துப்புத் துலக்குவார். கல்யாணம் ஆகவில்லை, கடைசி வரை ஆகவே இல்லை. "எப்ப வருவீங்க?" என்று வாசலில் நின்று கேட்க மனைவி இல்லாததால்தான் ராஜஸ்தானுக்கும் காட்மாண்டுவுக்கும் அவரால் நினைத்த மாத்திரத்தில் கிளம்ப முடிந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சினிமாவில் இந்த ஃபெலுதாவாக முதலில் நடித்தவர் சௌமித்ர சட்டர்ஜி. 1974-லும் 1979-லும் ராய் எடுத்த இரண்டு படங்களில் அவர்தான். பிறகு 1990-களில் டெலிவிஷனிலும், 2003-இலிருந்து சினிமாவிலும், ராயின் மகன் சந்தீப் ராய் இயக்கத்தில் ஃபெலுதாவாக வந்தவர் சப்யசாச்சி சக்ரவர்த்தி. திரையில் பிரமச்சாரியான இவர் வாழ்க்கையில் முழுக் குடும்பஸ்தர். மனைவி நடிகை, இரண்டு பிள்ளைகளும் நடிகர்கள், மூத்த மருமகளும் நடிகை.

வீட்டில் கேட்ட கேள்வி

நடிகர் வீட்டுக் கதையை நான் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற தீபாவளியை ஒட்டி எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். எனக்குப் போஸ்ட்மாஸ்டர் வேஷம். மொத்தம் பதினோரு வசனம். அதற்காக இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை. ரயில்வே டியூட்டி போக, இந்தப் பத்திரிகைக்குச் செய்தி தேடி அலைவது போக, வீட்டுக்கென்று மீதி இருந்த அந்த ஒரு நாளும் போய்விட்டது.

நாடகம் முடிந்த இரவு சோறு பரிமாறிக்கொண்டே என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, மேடையிலே உங்களுக்குச் சம்சாரமா நடிச்சாங்களே, அவங்ககிட்டே 'இன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா'ன்னு ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் பேசினீங்க! நம்ம வீட்டிலே ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு வசனத்துக்கே என் வீட்டில் இந்த நிலை என்றால், நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வீட்டில் குடித்தனம் எப்படி நடக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் சக்ரவர்த்தி குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

பதின்மூன்று பண்டிகை

சப்யசாச்சி 1956-இல் கொல்கத்தாவில் பிறந்தவர், படித்தது டெல்லியில். அதுவும் எங்கே? ஆந்திரக் கல்விச் சங்கத்துப் பள்ளியில்! தெலுங்கர் நடத்திய பள்ளியில் வங்காளிப் பையன். வெளிமாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நமக்கு இது ஆச்சரியமாக இராது. பின்னர் ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் பட்டப்படிப்பு.

கொல்கத்தாவுக்குத் திரும்பியவர் ஜோச்சன் தஸ்திதாரின் 'சார்வாக்' நாடகக் குழுவில் சேர்ந்தார். தஸ்திதார் நாடகத்தோடு டெலிவிஷன் தயாரிப்பிலும் இறங்கியவர். அங்கே சப்யசாச்சி முதலில் செய்தது நடிப்பு வேலை அல்ல. திரைக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்ப வேலை. பிறகுதான் தஸ்திதார் அவரைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தினார். 1987-இல் தூர்தர்ஷனில் வந்த அந்தத் தொடர் 'தேரோ பார்பன்'. 'பன்னிரண்டு மாதத்தில் பதின்மூன்று பண்டிகை' என்று வங்காளிகள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் பழமொழியிலிருந்து எடுத்த பெயர். சப்யசாச்சி ஏற்ற வேஷத்தின் பெயர் கோரா. கொல்கத்தாவில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1975-இல். தொடர் என்பதே அப்போது ஜனங்களுக்குப் புதுசு. அந்த ஒரு வேஷத்தில் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

தேதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவருக்கும் மிட்டு சக்ரவர்த்திக்கும் திருமணம் நடந்தது 1986-இல். மூத்த மகன் கௌரவ் பிறந்தது 1987-இல். புது மனைவி, கைக்குழந்தை, புதுத் தொழில் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. மாதச் சம்பளக்காரனுக்கே முதல் குழந்தை பிறந்த வருஷம் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். இன்று வேஷம் உண்டு, நாளை உண்டா என்று தெரியாத தொழிலில் எப்படி இருந்திருக்கும்! மிட்டுவும் டெலிவிஷனிலும் சினிமாவிலும் நடித்தவர்.

அப்பாவும் கோரா, பிள்ளையும் கோரா

இருபத்து மூன்று வருஷம் கழித்து, 2010-இல், 'கானேர் ஓபாரே' என்ற தொடர் வந்தது. கதை ரிதுபர்ணோ கோஷுடையது. அதில் சப்யசாச்சியின் இரண்டு மகன்களும் நடித்தார்கள். இளையவர் அர்ஜுன் ஏற்ற வேஷத்தின் பெயர் என்ன தெரியுமா? கோரா! அப்பாவைப் பிரபலமாக்கிய பெயரிலேயே பிள்ளையும் சின்னத்திரைக்கு வந்தார்.

மூத்தவர் கதை இன்னும் ருசியானது. 2014-இல் தொடங்கிய 'பியோம்கேஷ்' தொடரில் கௌரவ் துப்பறிவாளராக நடித்தார். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் எழுதத் தொடங்கிய கதைகள் இவை. பியோம்கேஷ் ஃபெலுதாவைப் போல் பிரமச்சாரி அல்ல. ஒரு வழக்கில் சந்திக்கும் சத்யவதியை மணந்துகொண்டு, குழந்தை பெற்று, பின்னாளில் இதே தெற்குக் கொல்கத்தாவில் கேயாதலாவில் வீடு கட்டிக் குடியேறுகிறவர். தொடரில் சத்யவதியாக நடித்தவர் ரித்திமா கோஷ். 2017-இல் கௌரவுக்கும் ரித்திமாவுக்கும் நிஜமாகவே திருமணம் நடந்தது. அப்பா பிரமச்சாரித் துப்பறிவாளர், பிள்ளை குடும்பஸ்தத் துப்பறிவாளர்!

அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் ஒட்டுக் கேட்டவன் அல்ல. ஆனால் ஒரு விஷயம் வெளியிலிருந்தே தெரிகிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே தொழில். இரவு வெகுநேரம் கழித்து வருகிறவரிடம் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க அவசியம் இராது. விளக்கு சரியாக அமையவில்லை, எதிரே நடிப்பவர் வரவில்லை என்று பாதி சொன்னாலே மீதி புரிந்துவிடும். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருப்பது குடித்தனத்துக்குப் பெரிய சௌகரியம்.

சில நாள் நிறுத்தினால் தெரியும்

டெலிவிஷன் வேலை லேசானது என்று நினைப்பவர்கள் டாலிகஞ்ச் ஸ்டூடியோ வாசலில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். 1987-இல் தொடர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தது. இப்போது அநேகமாகத் தினமும். அரை மணித் தொடர் என்றால் விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் படம் வேண்டும். இன்று எடுக்காவிட்டால் சில நாளில் ஒளிபரப்பு நின்றுவிடும். பண்டிகையா, காய்ச்சலா, பிள்ளைக்குப் பரீட்சையா? ஷூட்டிங் காத்திருக்காது. ரயில் ஓட்டுகிற நமக்கு இந்த நியாயம் புதிதல்ல.

2018 ஆகஸ்டில் இந்த நடிகர்கள் பொறுக்க முடியாமல் வேலையை நிறுத்தினார்கள். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை என்பதே புகார். சில நாள் படப்பிடிப்பு நின்று, பழைய பகுதிகளையே திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று. முதலமைச்சர் மம்தா பானர்ஜி இரு தரப்பையும் அழைத்துப் பேசிய பிறகே வேலை தொடங்கியது. அவர்கள் கேட்டது என்ன? சம்பளம் குறித்த தேதியில் வர வேண்டும், குறித்த நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அதற்குக் கூலி வேண்டும். குமாஸ்தா கேட்கிற அதே இரண்டு கோரிக்கைகள்.

நாற்காலியிலிருந்து மேடைக்கு

வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகலாமா என்று என்னிடம் கேட்கும் வாலிபர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று பெயர்களைச் சொல்வேன். வங்காளத்தின் உத்தம் குமார் கல்கத்தாத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். நம் நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் இலாகா என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை விமானப் படையில் இருந்தவர். டெல்லியில் தமிழர் நடத்திய நாடக சபையில் நடித்துத்தான் பெயருக்கு முன்னால் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. சினிமாவிலும் பின்னர் டெலிவிஷனிலும் நடித்து 2024-இல் காலமானார். மூவரும் வேலையை விட்டுவிட்டு மேடை ஏறியவர்கள் அல்ல. மேடை ஏறி, கால் ஊன்றிய பிறகு வேலையை விட்டவர்கள்.

ஆனால் அப்படி இரண்டு தொழில் பார்க்கும் காலத்தில் அதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது? ஆபீஸ் தன் நேரத்தில் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்காது. நாடகமும் விடாது. எல்லாம் வீட்டுக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கடன் கொடுத்தவளிடம் கணக்காவது சொல்ல வேண்டாமா? நான் சொன்னதில்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். டியூட்டி முடிந்து வந்ததும் அன்று நடந்ததில் ஒன்றையாவது வீட்டில் சொல்லிவிடுவது. கேன்னிங் லோக்கல் தாமதமானதில் காலை வேலைக்குப் போகும் பெண்கள் பட்ட பாடு, ஒரு பாட்டி டிக்கெட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டு வெகுநேரம் தேடிய வேடிக்கை, இப்படி. முதல் சில நாள் "சரி, கை கழுவிட்டு வாங்க" என்பதோடு முடிந்தது. பிறகு அவளும் அன்றைய சங்கதியைச் சொல்லத் தொடங்கினாள்.

இந்தக் கட்டுரைக்காகச் சக்ரவர்த்தி குடும்பத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த அன்று, "மூத்த பையன் கல்யாணத்தைச் சொல்லாம விட்டுட்டீங்களே. சத்யவதியா நடிச்ச பொண்ணைத்தானே கட்டிக்கிட்டார்?" என்றாள். எனக்கு அது தெரியாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். சில வருஷங்களாக மத்தியான வேளையில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளோடு உட்கார்ந்து தொடர் பார்த்து, பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாளாம். வங்காளிப் பத்திரிகையில் தலைப்பு மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்க்கும் எனக்கு, உள்ளே இருக்கும் செய்தியை அவள் படித்துக் காட்டினாள்.

ஊரெல்லாம் செய்தி தேடும் நிருபன், சொந்த வீட்டுச் செய்தியைச் சில வருஷம் தவறவிட்டிருக்கிறேன். அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தை மாதம் தொடங்குகிறது. வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவை என்றார்கள். அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவளைக் கேட்ட பிறகுதான்.