முற்றுப்பெறாத விளையாட்டுக்கு முகூர்த்தம்

செக் நாட்டின் தலைநகரான பிராகில் ‘ஃபாக்டோரியோ’ என்னும் கணினி விளையாட்டைத் தயாரித்து வந்த வூபே என்ற சிறு நிறுவனம், எட்டு ஆண்டுகளாகச் செதுக்கிக்கொண்டிருந்த அவ்விளையாட்டின் முழுமையான பதிப்பை 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று வெளியிடுவதாக முதலில் அறிவித்திருந்தும், பின்பு அந்தத் தேதியை ஆறு வாரம் முன்னுக்கு இழுத்து ஆகஸ்ட் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. வேலை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது என்பதன்று இதற்குக் காரணம். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தார் பெரும் ஆரவாரத்துடன் உருவாக்கி வந்த ‘சைபர்பங்க் 2077’ செப்டம்பர் 17 அன்று வரப்போகிறது என்று வெளியான செய்தியே காரணம். அந்தச் சந்தடியில் தங்கள் குரல் எடுபடாது என்று வூபே நிறுவனத்தார் அஞ்சினார்கள். அந்தச் சைபர்பங்கோ சொன்ன தேதியில் வரவில்லை. மேலும் இருமுறை ஒத்திவைக்கப்பட்டு டிசம்பர் 10 அன்று வந்து சேர்ந்தபோது, பழைய பிளேஸ்டேஷன் 4 கருவிகளில் அது ஆடுவதற்கே லாயக்கற்ற நிலையில் இருந்தபடியால், ஒரு வாரம் கழிந்த மாத்திரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து அகற்றி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அது அக்கடையில் மறுபடியும் விற்பனைக்கு வந்தது.

‘இன்னும் தயாரிப்பில் உள்ளது’ என்ற அறிவிப்பை ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் நாலரை ஆண்டுகள் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த விளையாட்டு ஏறக்குறையப் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது; ‘முடிந்துவிட்டது’ என்று பிரகடனம் செய்யப்பட்ட விளையாட்டு நொண்டிற்று. நம் ஊர்களில் பூச்சு வேலை முடியாத வீட்டுக்கும் நல்ல நாள் பார்த்துக் கிரகப்பிரவேசம் நடத்துகிறோம். பால் காய்ச்சிய பிறகும் கொத்தனார் வந்துபோய்க்கொண்டுதான் இருப்பார். 1.0 என்று எண் சூட்டி ஒரு விளையாட்டை வெளியிடுவதும் அவ்வகைச் சடங்கே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இக்காலத்து இளைஞர்களை உண்மையாகவே அலைக்கழிக்கும் ஒரு கேள்விக்கு, அதாவது தயாரிப்பில் இருக்கும் விளையாட்டை எந்தக் கட்டத்தில் ஆட ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு, விடை தேட முடியும்.

முடிவதற்கு முன்பே விலைக்கு விற்கும் வழக்கம் சமீப காலத்தில் வேரூன்றியது. ஸ்வீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை அரைகுறை நிலையிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, முழுப் பதிப்புக்கு ஆகவிருந்த விலையில் ஏறக்குறையப் பாதிக்கு விற்றார்; 2011 நவம்பர் 18 அன்று அது முழுமையடைந்ததாக அறிவிக்கப்பட்ட சமயத்தில் நாற்பது லட்சம் பேர் அளவில் அதை வாங்கி முடித்திருந்தார்கள். இந்த வெற்றியைக் கண்ட பிறகு, 2013 மார்ச் மாதத்தில் ஸ்டீம் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற பெயரில் இதை ஒரு நிரந்தர ஏற்பாடாக்கியது. அன்றிலிருந்து வாங்குபவன் வெறும் ரசிகனாக இல்லாமல் பரிசோதகனாகவும், ஒருவகையில் முதலீட்டாளனாகவும் ஆகிவிட்டான். ஆனால் லாபத்தில் அவனுக்குப் பங்கு கிடையாது.

எங்கே நிறுத்தி முடிவெடுப்பது என்ற விஷயத்தைக் கணித சாஸ்திரம் நெடுநாளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. மார்ட்டின் கார்ட்னர் 1960-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் எழுதிப் பிரசித்தமாக்கிய ஒரு புதிரில், எண்கள் எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போய், மிகப் பெரிய எண் இதுவே என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். தள்ளிவிட்ட சீட்டுக்குத் திரும்ப இயலாது. மொத்தச் சீட்டுகளில் ஏறத்தாழ 37 சதவிகிதத்தைப் பார்வையிட்டு மட்டும் விட்டுவிட்டு, அதன்பின், முன் கண்ட அனைத்தையும் விஞ்சும் முதல் சீட்டில் நிறுத்துவதே இதற்குச் சிறந்த உபாயம் என்பது நிரூபணமான விஷயம். ஆயினும் இந்த அழகான விடை நமக்குப் பிரயோஜனப்படாது. ஏனெனில் நம் விளையாட்டு எங்கும் ஓடிப்போவதில்லை. இன்று தள்ளினால் நாளையும் கடையில் இருக்கிறது, பெரும்பாலும் இன்றைவிடச் சீரான நிலையில் இருக்கிறது.

நமக்குப் பொருந்துவது பொருளாதார நிபுணர்களான ராபர்ட் மெக்டொனால்டும் டேனியல் சீகலும் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒருமுறை போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாத முதலீட்டை, அதன் பலன் செலவைத் தாண்டிய உடனேயே செய்துவிடுவது தவறு என்றும், எதிர்காலம் நிச்சயமற்றதாக இருக்கும்போது காத்திருக்கும் உரிமைக்கே ஒரு விலை உண்டு என்றும், சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய நிலைமைகளில் பலன் செலவைப்போல் இரு மடங்கு ஆகும்வரை பொறுத்திருப்பதே உசிதம் என்றும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இக்கணக்கு முழுவதும் ‘திரும்ப எடுக்க முடியாதது’ என்ற நிபந்தனையின்மேல் நிற்கிறது. அப்படியானால், விளையாட்டில் நாம் திரும்ப எடுக்க முடியாதபடி செலவிடுவது எதை? பணத்தையன்று, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் கேட்டால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. திரும்பாதது அந்த விளையாட்டை முதன்முதலாகப் பார்க்கும் பார்வை.

முதல் பார்வைக்கு அத்தனை மகிமை உண்டா என்றால், மூளை சாஸ்திரம் உண்டென்றே சொல்கிறது. மூளை ஆராய்ச்சியாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த பரிசோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்த தருணத்தில் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தெழுந்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிப்போன பிறகோ, அதே சாறு வாயில் விழும்போது அவை சும்மா இருந்தன. துடிப்பு விளக்கு எரியும் நொடிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அவரும் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோரும் 1997-இல் விளக்கியபடி, அந்த அணுக்கள் தெரிவிப்பது இன்பத்தையல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. ஒரு விளையாட்டின் குகைக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொண்டு இரண்டாம் முறை நுழைபவனுக்கு அந்த வித்தியாசம் குறைந்துபோகிறது. இதற்கு மாறான சாட்சியத்தையும் மறைக்கக் கூடாது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011-இல் நடந்த ஓர் ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் தெரியாமல் படித்தவர்களைவிடச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். ஆனால் சிறுகதையில் வாசகன் ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. விளையாட்டில் அவன் தானே தடுமாறி வழி கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், இந்த முடிவை அப்படியே இங்கே ஏற்றிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இங்கேதான் விளையாட்டுக்கு விளையாட்டு ஜாதிபேதம் பார்க்க வேண்டியிருக்கிறது. பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் எர்லி ஆக்சஸ் நிலையில் வந்தபோது அதில் முதல் அங்கம் மட்டுமே இருந்தது; விலையோ முழு விலை. வீழ்ந்த கப்பல் புகைந்து கிடக்கும் கடற்கரையில் கண்விழித்து, தோழர்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொரு பேச்சிலும் இரு பக்கமும் யோசித்துத் தீர்மானம் செய்து அந்த அங்கத்தைக் கடந்தவர்கள், 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுப் பதிப்பு வந்ததும், பழைய சேவ் ஃபைல் ஒன்றும் செல்லாது என்பதால் அதே கடற்கரையில் மறுபடியும் கண்விழிக்க வேண்டியதாயிற்று. யாரை நம்பலாம், எந்தக் கதவுக்குப் பின்னால் எது என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். கதையையே உயிராகக் கொண்ட விளையாட்டில் இந்த நஷ்டம் பெரிது. அதற்குக் காத்திருப்பதே என் அபிப்பிராயம். சூப்பர்ஜயன்ட் நிறுவனத்தார் ‘ஹேடிஸ்’ விளையாட்டில் இதைச் சாதுரியமாகச் சமாளித்தார்கள்: 2018 டிசம்பரிலிருந்தே விளையாட்டைக் கொடுத்துவிட்டு, கதையின் உண்மையான முடிவை மட்டும் 2020 செப்டம்பர் வரை தம்மிடமே நிறுத்திக்கொண்டார்கள். மேலும் அதில் நாயகன் செத்துச் செத்து மறுபடி புறப்படுவதே கதையாதலால், முதலிலிருந்து ஆரம்பிப்பது எவருக்கும் பாரமாகத் தோன்றவில்லை.

ஃபாக்டோரியோ, மைன்கிராஃப்ட் முதலியவற்றின் சங்கதி வேறு. அவற்றில் கட்டிவைத்த கதை இல்லை. ஆடுபவனே தொழிற்சாலையையோ மலைக்கோட்டையையோ எழுப்புகிறான், ஒவ்வொரு முறையும் உலகம் புதிதாகப் பிறக்கிறது. முதல் பார்வை அங்கே ஒரே மூச்சில் தீர்ந்துபோவதில்லை. ஆகவே சீக்கிரம் ஆரம்பிப்பதில் தவறில்லை. விலையிலும் ஆதாயம் உண்டு, ஏனெனில் ஃபாக்டோரியோ நிறுவனத்தார் ஒருநாளும் தள்ளுபடி கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு, 20 டாலரிலிருந்து படிப்படியாக 35 டாலருக்கு உயர்த்தினார்களேயன்றி இறக்கவில்லை. முன்னதாக வந்தவனுக்குச் சில சங்கடங்களும் உண்டு. மைன்கிராஃப்டில் முதலில் ரொட்டியைத் தின்ற உடனே உடல் தேறிவிடும். 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 பதிப்பில் பசி என்ற தனிக்கணக்கு ஏற்பட்டு, அதுவரை கைக்குப் பழகியிருந்த யுக்தி முழுவதும் வீணாயிற்று. நிலத்தை உருவாக்கும் விதியும் அப்பதிப்பில் மாறியதால், பழைய உலகத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் எல்லையைத் தாண்டி நடந்தபோது ஒரு விநோதத்தைக் கண்டார்கள்: மலை ஒன்று கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக நின்றுபோக, அதன் மறுபுறத்தில் சம்பந்தமே இல்லாமல் கடல் விரிந்துகிடக்கும். பழைய நிலமும் புதிய நிலமும் இப்படித் தையல் விட்டு நிற்காமல் ஒன்றோடொன்று இழையும்படி 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில்தான் வழி செய்தார்கள். அந்தச் செங்குத்துச் சுவரைத் தன் உலகத்தில் வைத்திருப்பதை ஒரு பெருமையாகக் கொண்டாடிய பழைய ஆட்டக்காரர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிற்க, பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பக்’ என்று எல்லோரும் சொல்லும் மென்பொருள் பிழைகள் ஒரே வேகத்தில் குறைவதில்லை. அம்ரித் கோயலும் கஸூ ஒகுமோட்டோவும் 1979-இல் வகுத்த கணித மாதிரியின்படி, எஞ்சியுள்ள பிழைகள் எவ்வளவோ அவ்வளவுக்கேற்பவே புதிய பிழைகள் கண்ணில் படுகின்றன. ஆகையால் முதல் மூன்று மாதத்தில் பாதி தீர்ந்ததென்றால், அடுத்த மூன்று மாதத்தில் மீதியில் பாதிதான் தீரும், ஓராண்டு முடிவில் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சும். இதிலிருந்து பெறப்படுவது, ஆரம்பத்தில் கொஞ்சம் காத்திருப்பதற்குப் பலன் அதிகம், பிற்பாடு வருஷக்கணக்கில் காத்திருப்பதற்குப் பலன் சொற்பம் என்பது. ஆனால் இந்த மாதிரி, விளையாட்டில் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை என்று வைத்துக்கொள்கிறது. தயாரிப்பில் உள்ள விளையாட்டிலோ மாதந்தோறும் ஏதாவது சேர்கிறது. போதாக்குறைக்கு, ஒரு பிழையைத் திருத்தும்போது வேறொன்று நுழைந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது முதல் ஐம்பது வரை உண்டு என்று மென்பொருள் நிபுணர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவைத்தார். எனவே பிழைகளின் வரைபடம் வழவழப்பாக இறங்கும் சரிவாக இராமல், பெரிய அப்டேட் வந்தபோதெல்லாம் எகிறிப் பின்பு தணியும் ரம்பப் பல்லாகவே இருக்கும்.

வாக்குறுதியை நம்பி வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ‘கெர்பல் ஸ்பேஸ் புரோக்ராம்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் போதும். மெக்சிகோவில் உருவான முதல் பாகம் 2011-இல் அரைகுறையாக வெளியாகி, 2015-இல் 1.0 ஆகி, ராக்கெட் விடும் கணக்கை லட்சக்கணக்கானவர்களுக்கு விளையாட்டாகவே கற்பித்தது. அதன் நற்பெயரை முதலாகக் கொண்டு வேறொரு நிறுவனத்தார் தயாரித்த இரண்டாம் பாகம், நட்சத்திரங்களுக்கிடையே பிரயாணம், குடியேற்றங்கள், பலர் கூடி ஆடும் வசதி எல்லாம் வரும் என்ற திட்டப் பட்டியலுடன் 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு எர்லி ஆக்சஸ் நிலையில் வந்தது. மறு ஆண்டே தயாரிப்புக் குழு கலைக்கப்பட்டது. அந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை. இப்போதுள்ள நிலையிலேயே ஆட உற்சாகம் இல்லையென்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்று ஸ்டீம் இத்தகைய ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் அச்சடித்தே வைத்திருக்கிறது. கடைக்காரனே தரும் இந்த எச்சரிக்கையை வாசிப்பவர்கள்தாம் குறைவு.

முழுமைக்காகவே காத்திருப்பேன் என்று விரதம் பூணுபவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. டார்ன், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ இன்னும் 1.0 ஆகவில்லை; ஆயினும் அதை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இலேயே தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டது.

ஆகையால் பதிப்பின் எண்ணைப் பார்ப்பதைவிட, திருத்தங்களை அறிவிக்கும் பேட்ச் குறிப்புகளின் தேதிகளைப் பார்ப்பது மேல். மாதம் தவறாமல் வருகின்றனவா, கடைசியாக வந்தது எப்போது என்று பார்க்க வேண்டும். பெரிய அப்டேட் வந்த அன்றே புகாமல், அதைத் தொடர்ந்து சில்லறைத் திருத்தங்கள் இரண்டு மூன்று வந்து ஓய்ந்த பின் புகுந்தால், முன்சொன்ன ரம்பப் பல்லின் பள்ளத்தில் இறங்கலாம். பாதி கட்டிய தொழிற்சாலை அடுத்த அப்டேட்டில் குலைந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு, ஃபாக்டோரியோவைப் போன்ற சில விளையாட்டுகள் ஸ்டீமில் ‘பீட்டாஸ்’ என்ற பகுதியில் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கின்றன; கையிலிருக்கும் ஆட்டம் முடியும்வரை அந்தப் பதிப்பிலேயே தங்கிவிடலாம்.